பிரித்தலும் பொருத்தலும்

தங்கை மகள் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். சென்ற வாரம் நம் முன் புத்தகத்தை வைத்துவிட்டு, "மாமா, இந்தப் பாடம் எனக்கு வராது. வேறு படிப்புக்கு மாறிவிடுகிறேன்" என்றாள். புரட்டிப் பார்த்தோம். அணிகள், லாப்லாஸ் உருமாற்றம், ஃபூரியர் உருமாற்றம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம்மை வாட்டிய அதே பாடம்!

அன்று முதல் தேர்வில் நாம் பெற்றது நூற்றுக்கு 28. மறுமுறை உருமாற்ற அட்டவணையை மனனம் செய்து எழுதினோம். தேறினோமே தவிரத் தெளிந்தோமில்லை. 'நீயும் உருப்போட்டுவிடு' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது; அடக்கிக் கொண்டோம்.

மளிகைக் கடையை எடுத்துக் காட்டினோம். அரிசியையும் பருப்பையும் தனித்தனியே வாங்கினாலும், சேர்த்து வாங்கினாலும் தொகை ஒன்றே. இருமடங்கு சரக்குக்கு இருமடங்கு விலை. இதுவே நேரியல் பண்பு. 'பத்து வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கடைக்காரர் சொன்ன கணமே அப்பண்பு போய்விடும். இப்பண்புள்ள அமைப்பில், சிக்கலான உள்ளீட்டையும் எளிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விளைவையும் கண்டு, மீண்டும் கூட்டிக் கொள்ளலாம்.

எத்தகைய துண்டுகளாகப் பிரிப்பது? காலத்தால் மாறாத, நிலைப்புடைய நேரியல் அமைப்பினுள் சைன் அலை ஒன்றைச் செலுத்தினால், தொடக்கச் சலனம் அடங்கிய பின் வெளிவருவதும் அதே அதிர்வெண் கொண்ட சைன் அலையே. உயரம் மாறலாம், சற்றுப் பிந்தலாம், அதிர்வெண் மாறாது. அணியொன்று சில திசையன்களை மட்டும் திசை திருப்பாமல் நீட்டவோ குறுக்கவோ செய்கிறதன்றோ? அக்கருத்தே இங்கும் நிற்கிறது. லாப்லாஸ் உருமாற்றமோ வகையிடலைப் பெருக்கலாக்குகிறது. அச்சமூட்டிய வகைக்கெழுச் சமன்பாடு பள்ளிக்கூட இயற்கணிதமாகிவிடுகிறது.

'அல்ஜீப்ரா' என்னும் பெயரே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். முறிந்த எலும்பைப் பொருத்துவதையும் அச்சொல் குறிக்கும். பிரித்ததைப் பொருத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

அவள் முகம் இன்னும் தெளியவில்லை. ஃபூரியரின் கதையைச் சொன்னோம். வெப்பம் பரவுவதைப் பற்றிய ஆய்வை அவர் 1807இல் பாரிஸ் அறிஞர் அவையில் அளித்தார். அலைகளின் கூட்டலாக எதையும் எழுதலாம் என்பதை மாமேதை லக்ராஞ்சு ஒப்பவில்லை. ஆய்வு நூலாக வெளிவந்தது 1822இல்.

"லக்ராஞ்சே தயங்கிய கருத்து உனக்கு ஒரே பருவத்தில் பிடிபடாதது குற்றமா?" என்றோம்.

சற்று நேரம் மௌனம். பிறகு, "அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் நானே வருவிக்க முடியுமா மாமா?" என்று கேட்டாள்.

உட்கார்ந்தோம். தேயும் அடுக்குச் சார்பில் தொடங்கினோம். இடையில் நம் கை ஓரிடத்தில் தடுமாறிற்று. மனனம் செய்தவரின் தடுமாற்றம் அது. பென்சிலை வாங்கிப் பிழையைத் திருத்தியவள் அவள்தான்.

படிப்பை மாற்றும் பேச்சை அன்று அவள் மீண்டும் எடுக்கவில்லை.