வியாதி வேற, நான் வேற

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும் :-)

நமக்கு ஊர் ஆரணி. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுறது தொழில். நான் கட்டம் கட்டமா வரையுறதைப் பார்த்து அட்டை குத்தி, ஜக்கார்டு பெட்டியில மாட்டுவாங்க. எந்த இழை எப்ப மேல எழும்பணும்னு அந்த அட்டைதான் தறிக்குச் சொல்லும்.

நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். பல வருஷமா மனச்சோர்வும் இருக்கு. இதைச் சோகம்னு நினைச்சுக்காதீங்க. சோகம்னா அழுதுட்டு எழுந்துடலாம். இது பென்சிலை எடுக்கவே கை வராத நிலைமை. தூக்கம் போச்சு, பசி போச்சு, மயில் கழுத்து எப்படி வளையும்ங்கிறதும் போச்சு.

முதல்ல பார்த்த டாக்டர், "கல்யாணம் பண்ணா சரியாயிடும்"னார். அதாவது, ஈர்ப்புதான் வியாதியாம்! உலக சுகாதார நிறுவனம் 1990லயே அதை நோய்ப் பட்டியல்ல இருந்து தூக்கியாச்சு.

மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்கு ஞாபகம் இருக்கா? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது தனக்கே சரியா புரியலைன்னு வெளிப்படையா சொல்லி, உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7ல உத்தரவு. ஈர்ப்பை 'மாத்துற' சிகிச்சைக்கு அதுல தடை போட்டார். நீதிபதியே கத்துக்கும்போது, கத்துக்கிட்ட டாக்டர் ஒருத்தராவது இருக்க மாட்டாரான்னு தேடினேன். கிடைச்சார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுட்டு, "அது இருக்கட்டும், தூக்கம் எப்படி இருக்கு?"ன்னார். அவ்வளவுதான்! வியாதி வேற, நான் வேறன்னு அந்த ஒரு கேள்வியில பிரிஞ்சுடுச்சு.

மாத்திரையும் கவுன்சலிங்கும் வேலை செய்யப் பல வாரம் ஆச்சு. நடுவுல தறி போடுற அக்கா ஒருத்தங்க போன் பண்ணாங்க. "தம்பி, பாவு முடியப் போகுது. அடுத்த டிசைன் எப்பப்பா?" வாழ்க்கையோட நோக்கம்னு பெரிய தத்துவமெல்லாம் எனக்குக் கிடைக்கலை. மருந்து பென்சிலைக் கையில கொடுத்துச்சு, அக்கா காத்திருந்தது வரைய வெச்சுது. கெட்ட நாள் இப்பவும் வருது. அன்னிக்கு நாலு கட்டம் வரைஞ்சா போதும்னு வெச்சிருக்கேன்.

இன்னொரு விஷயம். முந்தானையில ஜோடி மயில் காலங்காலமா போடுறோம், ரெண்டுக்கும் தோகை. பெண் மயிலுக்குத் தோகை ஏதுங்க? இதுவரைக்கும் ஒரு மாமியாரும் கேட்டதில்லை :-)

டிஸ்கி: மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416க்கு அடிங்க. அரசோட டெலி மானஸ் சேவை, 2022ல ஆரம்பிச்சது. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.