ஒரு காற்புள்ளியின் விலை

பத்திரிகைத் துறைக்கு வரும் இளைஞர்கள் ஆங்கில இலக்கணம் பற்றி என்னிடம் வினவுவதுண்டு. காலங்களைப் பற்றிக் கேட்பார்கள். வினைச்சொற்களைப் பற்றிக் கேட்பார்கள். காற்புள்ளியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மூச்சு விடும் இடத்தில் ஒன்றை இட்டால் போதும் என்பதே பலரது எண்ணம். இதில் வியப்பில்லை. எமது ஏட்டுச்சுவடிகளில் இக்குறிகள் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் தமது உரைநடையில் கையாண்ட பின்னரே இவை தமிழில் வேரூன்றின. இன்றும் இவற்றை அலங்காரமாகவே கருதுகின்றோம். ஆங்கிலத்திலோ காற்புள்ளி பொருளையே மாற்றிவிடும்.

ஒரு பஸ் விபத்துச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ‘த பசெஞ்சர்ஸ் ஹூ வேர் இஞ்சர்ட் வேர் டேக்கன் டு ஹொஸ்பிட்டல்’ என்று காற்புள்ளியின்றி எழுதினால், பயணிகளுள் காயமடைந்தோர் மட்டுமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர் என்று பொருள். ‘ஹூ’வுக்கு முன்னும் ‘இஞ்சர்ட்’டுக்குப் பின்னும் ஒவ்வொரு காற்புள்ளி இட்டால், பயணிகள் அனைவருமே காயமடைந்தனர் என்றாகிவிடும். ‘காயமடைந்த பயணிகள்’ என்னும் எமது பெயரெச்சத் தொடரோ இரு பொருளுக்கும் இடங்கொடுக்கும். எனவே தமிழாக்கும்போது, ‘காயமடைந்தோர் மட்டும்’ என்றோ ‘பயணிகள் அனைவரும் காயமடைந்து’ என்றோ விரித்தெழுத வேண்டும்.

இரவுப் பணியில் ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்த ஆண்டுகளில், அந்த இரு சிறு குறிகளைத் தேடிப் பார்த்த பின்னரே பேனாவை எடுப்பேன். அதே பஸ்ஸில் மகனை அனுப்பிவிட்டு, மறுநாட் காலையில் பத்திரிகையை விரிக்கும் ஒரு தாய்க்கு ‘சிலர்’ என்பதும் ‘அனைவரும்’ என்பதும் ஒன்றல்லவே!

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு காற்புள்ளி இல்லாமையே வழக்காயிற்று. மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு உரித்தற்ற வேலைகளை அம்மாநிலச் சட்டமொன்று வரிசைப்படுத்தியிருந்தது. பட்டியலின் இறுதியில் ‘பக்கிங் ஃபோர் ஷிப்மென்ட் ஓர் டிஸ்ரிபியூஷன்’ என்றிருந்தது. ‘ஷிப்மென்ட்’ என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லை. பொதி செய்தலும் விநியோகமும் இரு வேறு வேலைகள் என்றது ஓக்ஹேர்ஸ்ட் பாற்பண்ணை நிறுவனம். அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி செய்தல் என்னும் ஒரே வேலைதான் அது என்றனர் சாரதிகள். அவர்கள் பொதி செய்பவர்களல்லர், விநியோகிப்பவர்கள். சட்டத்தின் பொருள் தெளிவற்றது எனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், 2017இல் சாரதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018இல் 50 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது. மாநிலச் சட்டமன்றமோ அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் இட்டுத் திருத்தி எழுதியது.

பட்டியலின் இறுதிச் சொல்லுக்கு முன் வரும் இக்குறியை ‘ஒக்ஸ்போர்ட் காற்புள்ளி’ என்பர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனைப் பேணுகிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன. இரண்டு வழக்கமும் ஏற்புடையனவே. ஆயினும் பொருள் மயங்கும் இடத்தில், பத்திரிகையின் வழக்கம் எதுவாயினும், அதனை இட்டுவிடுவதே நல்லது.

ஆங்கிலத்தில் எழுதும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுதான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு காற்புள்ளியையும் நீக்கிவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பொருள் மாறினால், நீங்கள் சொல்ல வந்தது அவ்விரு பொருள்களுள் எது என்பதைத் தீர்மானித்த பின்னரே செய்தியை அச்சுக்கு அனுப்புங்கள்.