பட்டமரமும் கறுப்பு வெள்ளைப் படமும்

பட்டுப்போகும் மரத்தைப் படம் பிடிப்பவர்களில் பலர் கறுப்பு வெள்ளையையே நாடுகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வர்ணப் படத்தில் நீல வானமும் பக்கத்து வீட்டு மஞ்சள் சுவரும் நம் கண்ணைப் பறித்துக்கொண்டு போய்விடும். வர்ணத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வடிவமும் நிழலும் பட்டையின் சுருக்கங்களுந்தான். தள்ளாத கிழவரின் முகத்தைப் பார்ப்பதுபோல் மரத்தைப் பார்க்கிறோம்.

பட்டினப்பாக்கத்தில் நமக்கு இந்தக் கலையைப் பரிச்சயம் செய்துவைத்தவன் நம் பழைய மாணவன் ஒருவன். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததல்லவா? அன்று முதல் அவனுக்குக் காமிராவும் கையுமாக அலைவதே வேலை. சென்ற மாதம் நம் தெருமுனைப் பூவரசையும் படம் பிடித்துவந்தான். படம் பிரமாதம் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆனால் அதைப் பார்த்த தெருவாசிகள், "அடடா, மரம் செத்தே போய்விட்டதே! யார் தலையிலாவது விழுவதற்குள் வெட்டிவிட வேண்டும்" என்று தீர்மானித்து, மனுவும் எழுதிவிட்டார்கள். மனு நம்மிடம் கையெழுத்துக்கு வந்தது.

கையெழுத்துப் போடுமுன் மாணவனையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்குச் சென்றோம். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்டு பூசி, மழைநீர் இறங்க வழியில்லாமல் அடைத்திருந்தார்கள். உச்சிக் கிளைகள் காய்ந்து கிடந்தன. தாழ்ந்த கிளையொன்றில் பட்டையைப் பேனாக்கத்தியால் இலேசாகச் சுரண்டினோம். உள்ளே பசுமை! சற்றுத் தள்ளி இரண்டு துளிர்கள்கூட இருந்தன.

"ஸார், படத்திலும் இந்தத் துளிர்கள் இருக்கின்றன. சாம்பல் நிறமாக விழுந்ததால் தெரியவில்லை" என்றான் மாணவன்.

விஷயம் அதுதான். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தை அறியாது. வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும். பச்சைத் துளிரும் பழுப்புப் பட்டையும் ஒரே அளவு வெளிச்சத்தைத் தந்தால், இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். மஞ்சளும் பச்சையும் கலந்த கண்ணாடியைக் காமிராவின் முன் பொருத்தினால் துளிர் சற்று வெளுத்துத் தனித்துத் தெரியும். ஆனால் சோகம் ததும்பும் படத்தை விரும்புகிறவர்கள் அதைப் பொருத்துவார்களா?

அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை நேயர்கள் அறிவார்கள். ஏறத்தாழ 450 வயது என்று சொல்லப்படும் அந்த மரத்தின் தாய்த்தண்டு 1989-ம் வருஷத்துப் புயலில் சாய்ந்தது. சாய்ந்த தண்டை மட்டும் ஒருவர் படமெடுத்திருந்தால், 'அடையாறு ஆலமரம் மாண்டது' என்றே உலகம் நம்பியிருக்கும். மரமோ மாளவில்லை. தரையில் ஊன்றிய விழுதுகளே தண்டுகளாகி இன்றும் அதைத் தாங்குகின்றன.

முற்காலத்தில் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறு கதியில்லை. 1960-ல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட அரசாங்கத் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பியது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்றைய காமிராவோ வர்ணங்களை முழுதும் வாங்கிக்கொள்கிறது. அவற்றை நீக்குவது நம் இஷ்டம். இஷ்டப்பட்டு நீக்குகிறவருக்குப் பொறுப்பும் உண்டு. ஏனெனில் மரத்தின் உயிரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் பச்சை மையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே கறுப்பு வெள்ளையைக் கைவிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயமல்ல. படத்தின் அடியில் தேதியோடு, 'துளிர் உண்டு' அல்லது 'துளிர் இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மனு என்னவாயிற்று என்கிறீர்களா? காய்ந்த கிளைகளை மட்டும் கழித்து, சிமென்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடும்படி அதைத் திருத்தி எழுதினோம். தெருவாசிகளில் பாதிப் பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்றப் பாதிப் பேரிடம் காட்ட மாணவன் துளிர்களை வர்ணப் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.