பழுது எங்கே?

பழுதடைந்த பொருளைத் திருத்தப் புகுகின்றவன் முதலில் பிறர் கையையே சந்தேகிக்கின்றான். தன் கையைக் கடைசியிலேதான் பார்க்கின்றான். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது கடுகினும் சிறிய ஒரு பளிங்குத் துண்டு.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கென என் மகன் ஒரு கருவி அமைத்துக்கொண்டிருந்தான். லேசர் ஒளியின் குறுக்கே தலைமயிர் ஒன்றை நிறுத்தினால், திரையில் ஒளியும் இருளும் மாறிமாறி விழும். ஒரு மீற்றர் தூரத்தில் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 9 மில்லிமீற்றராயின், மயிரின் தடிப்பு 0.07 மில்லிமீற்றர் எனக் கணக்கிடலாம். இதற்கான லேசர் இருவாயியை, கழித்துவிட்ட கணினியொன்றின் டி.வி.டி. எழுதியிலிருந்து அவன் கழற்றியெடுத்தான். 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளி தருவது அது.

எல்.எம். 317 என்னும் சீராக்கியோடு 10 ஓம் தடையொன்றைச் சேர்த்து, 125 மில்லியம்பியர் மின்னோட்டம் மாத்திரம் செல்லும்படி சுற்றை அமைத்திருந்தான். லேசருக்குப் பதிலாக நான்கு சாதாரண இருவாயிகளைத் தொடுத்து அளந்தும் பார்த்தான். கணக்குச் சரியாகவே இருந்தது. பின்னர் கண்காப்புக் கண்ணாடியை எடுத்துவர உள்ளே சென்றான்.

எனக்குப் பொறுமை இல்லை. இளமையில் வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் என்ற கர்வம் வேறு. அவன் திரும்புமுன்பே சோதனை இருவாயிகளைக் கழற்றி, லேசரை அவ்விடத்தில் பூட்டிவிட்டேன். கூரிய கதிர் தோன்றவில்லை. அணையப்போகும் தணல்போல மங்கிய சிவப்பு மாத்திரம் தெரிந்தது.

“ஈயம் பிடிக்கேக்கை சூட்டைக் கூடக் காட்டிப் பழுதாக்கிப் போட்டாய்!” என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு சரியாக உண்ணவுமில்லை.

மறுநாட் காலை இருவரும் சோதிக்கத் தொடங்கினோம். மின்கலம் நன்றாயிருந்தது. முனைகள் மாறவில்லை. வில்லையிலும் அழுக்கில்லை. இருவாயியினூடாக அதே 125 மில்லியம்பியர் ஓடிற்று. ஆயினும் ஒளி மங்கலே.

இங்குதான் லேசரின் இயல்பை அறிதல் வேண்டும். அப்பளிங்கின் இரு முனைகளும் கண்ணாடிகளாய் நின்று ஒளியை முன்னும் பின்னும் அனுப்புகின்றன. மின்னோட்டம் குறித்த ஓர் எல்லையைக் கடந்ததும் அவ்வொளி பெருகிக் கதிராய்ப் புறப்படும். முனை கருகிவிட்டால் மின் ஓடும். மங்கிய ஒளியும் வரும். லேசர் மாத்திரம் பிறவாது. 1962 ஆம் ஆண்டு அமெரிக்காவில் றொபேட் ஹோல் முதலானோர் இவ்வகை லேசரை ஆக்கியபோது, கடுங்குளிரில் வைத்தே அதை இயக்க முடிந்தது. இன்று சாதாரண அறையிலேயே இயங்குகின்றது. ஆனால், அளவுமீறிய மின்னைக் கணப்பொழுதேனும் அது தாங்காது.

மகன் சற்றுத் தயங்கிக் கேட்டான்: “அப்பா, சோதனை இருவாயிகளைக் கழற்றேக்கை சுவிச்சை நிப்பாட்டினனீங்களோ?”

நான் நிறுத்தவில்லை.

லேசரை அகற்றிச் சுவிச்சைப் போட்டு அளந்தோம். சுற்றின் முடிவிலிருந்த கொள்ளளவியில் ஏறத்தாழ 8 வோல்ற்று! திறந்துவிட்ட குழாயின் கீழ் வாளி நிரம்புவதுபோல, செல்லும் வழியற்ற மின் அதில் நிரம்பியிருந்தது. மூன்று வோல்ற்றுக்குள் வாழும் பொருளை நான் பூட்டிய கணத்திலேயே அவ்வளவும் அதன்மேற் பாய்ந்துவிட்டது. சீராக்கி காவலிருந்தும் பயனில்லை. வெள்ளம் வந்தது காவலைக் கடந்த இடத்திலிருந்து.

“ஈயம் பிடிச்சதிலை பிழை இல்லையடா, தம்பி. பிழை என்னிலை” என்றேன். மகனிடம் இதைச் சொல்ல நா எழச் சற்று நேரமாயிற்று. சொன்னபின் அவன் முகம் மலர்ந்ததைக் கண்டபோது, முதல்நாளே சொல்லாமற்போனேனே என்று வருந்தினேன்.

இன்னொரு பழைய டி.வி.டி. எழுதி கிடைத்தது. இம்முறை மின்கலத்தை நீக்கினோம். கொள்ளளவியை ஒரு தடையின்மூலம் வெறுமையாக்கினோம். அளந்து உறுதிசெய்த பின்னரே லேசரைப் பூட்டினோம். அக்கதிர் கண்ணின் விழித்திரையைச் சுடவல்லது. ஆதலால், கருவி முழுவதையும் மூடிய பெட்டியினுள் அமைத்தான். தாயாரின் தலைமயிர் திரையிலே வரிவரியாய்த் தன் தடிப்பைச் சொல்லிற்று.

கண்காட்சியன்று, பழுதான இருவாயியையும் அவன் மேசைமேல் வைத்திருந்தான். அருகிலிருந்த அட்டையில், “கொள்ளளவியை வெறுமையாக்காமற் பூட்டியதால் அழிந்தது” என்று எழுதியிருந்தான். பூட்டியவர் யாரென்று எழுதவில்லை.