ரிவர்ஸ்டன் மலையில் ஒரு தீப்பொறி

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக வளைந்து ஏறும் பாதை நம்மை ரிவர்ஸ்டன் மேட்டில் கொண்டு சேர்க்கிறது. காற்று ஆளையே தள்ளுகிறது! அப்பால் இறங்கினால் பிட்டவல பத்தனை. பாறைமேல் மெல்லிய மண், மண்மேல் புல். கோடையில் அப்புல் காய்ந்துவிடும். ஒரு பொறி போதும், வெளி முழுதும் எரியும்.

வெள்ளையர் காலத்தில் வேட்டைத் துப்பாக்கிகள் முழங்கிய மலைநாடு இது. குண்டு பாறையில் மோதினால் என்ன ஆகும்? மென்மையான ஈயம் நசுங்கிவிடும். உருக்குக் கரு கொண்ட குண்டோ தெறித்துத் திரும்பும். சூடேறிய அதன் சிதறல் தீ மூட்டக்கூடும் என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க வனத்துறையின் சோதனைகள் காட்டின. ஆதலால் துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள் பலவற்றில் தோட்டாவைக் காந்தத்தால் சோதிப்பார்கள்; ஒட்டினால் அனுமதியில்லை. எஞ்சியவை மண்மேட்டில் புதைந்து அடங்கும்.

ரிவர்ஸ்டனைத் தாங்கும் நக்கிள்ஸ் மலைவனம் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாயிற்று. 2010இல் உலக மரபுரிமையுமாயிற்று. இங்கே ஏற்புடைய தோட்டா எதுவுமே இல்லை. களத்துக்குச் செல்பவர் தோட்டாவைத் தெரிந்தெடுப்பதுபோல், மலைக்குச் செல்லும் நாமும் பையில் வைப்பதைத் தெரிந்தெடுப்போம். தீப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.