கொல்லிப்பாவையின் ஊரில் பிரெஞ்சுக் காதல்

ஆகஸ்ட் 1, செம்மேடு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள்; பிரான்சின் தெற்கே துலூஸ் நகரில் படிக்கிறாள். பிரெஞ்சுக்காரர்கள் என்றாலே உலகம் ஏன் காதலை நினைக்கிறது என்று ஏறும்போதே கேட்டேன்.

“அங்கயும் காலையில எழுந்து வேலைக்கு ஓடுறாங்கப்பா. வாடகை, வரி, ஸ்டிரைக், இதுதான் பேச்சு” என்றாள்.

பாரிஸ் நகரமன்றத்தின் முன் முத்தமிடும் ஜோடியின் புகைப்படம் உலகமெங்கும் சுவர்களில் தொங்குகிறது. 1950இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகைக்காக ராபர்ட் துவானோ எடுத்தது. நாடகம் பயின்ற இருவரை நிறுத்தி எடுத்த படம் என்பது 1990களில்தான் வெளியே வந்தது. ஆனாலும் ஒரு படத்தால் மட்டும் ஒரு நாட்டுக்கு இப்படிப் பேர் வந்துவிடாது. அதை நம்ப உலகம் முன்பே தயாராக இருந்திருக்கிறது. எப்போதிருந்து?

ஆகஸ்ட் 2

சங்ககாலத்தில் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு எடுக்கும் விழா. ஆடிப்பெருக்குக் கூட்டமும் சேர்ந்துகொண்டதில் செம்மேட்டில் கால்வைக்க இடமில்லை. முடவாட்டுக்கால் சூப்பு குடித்துவிட்டு ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து பேசினோம்.

குறுந்தொகை 100இல் கபிலர் பாடும் தலைவன், தன் மனத்தைப் பறித்தவளை ஓரியின் கொல்லிமலைப் பாவையோடு ஒப்பிடுகிறான். நற்றிணை 201இல் பரணர் அந்தப் பாவையைக் காற்றும் மழையும் இடியும் நில அதிர்வும் குலைக்க முடியாத அழகாகக் காட்டுகிறார். காதலுக்கு இந்த மலை அவ்வளவு பழைய சாட்சி.

துலூஸ் பக்கத்து ஒக்ஸிதான் மொழியில் த்ரூபதூர் என்னும் கவிஞர்கள் பாடியது அதற்கு ஓராயிரம் ஆண்டு பிந்தி. நமக்குக் கிடைப்பவர்களில் முதல்வர் அக்கிதேன் கோமகன் ஒன்பதாம் கியோம், 1126இல் இறந்தார். அவர்கள் மரபைப் பார்த்தால் அகத்திணை படித்தவனுக்கு உடம்பு சிலிர்க்கும். காதலியின் பெயரைச் சொல்லாமல் புனைபெயரில் மறைப்பார்கள். ஊர்வாய்க்கு அஞ்சுவார்கள், நம் அலர்தான் அது. விடியப் போகிறது, பிரியுங்கள் என்று காவலன் எச்சரிக்கும் பாடல் ஒரு தனி வகை. நம் சங்கப் புலவர் வெள்ளிவீதியார் போல அங்கும் தன் வேட்கையைத் தானே பாடிய பெண்கள் உண்டு. தியா கோமாட்டி அவர்களில் ஒருத்தி. பெரிய வேறுபாடு, அவர்கள் பாடும் தலைவி பெரும்பாலும் இன்னொரு பிரபுவின் மனைவி.

அந்த மரபு அறுபடவில்லை என்பதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். வடக்கே பிரெஞ்சுக்குப் போனது, இத்தாலியில் தாந்தேவை எட்டியது. பிறகு பாரிஸில் பெண்கள் நடத்திய இலக்கியக் கூடங்களில் காதலே விவாதப் பொருளானது. அப்படியொரு கூடம் நடத்திய மதலேன் த ஸ்குதெரியின் 1654ஆம் ஆண்டு நாவலில் காதலை ஒரு நாடாக வரைந்த வரைபடமே உண்டு: ஆறுகள், ஊர்கள், அலட்சியம் என்றொரு ஏரி. நிலத்தையும் உணர்வையும் பிணைத்த திணை நமக்கு அதற்கும் எவ்வளவோ முந்தையது. ஆனால் நம் இழை இடையில் விட்டுப்போனது: நற்றிணையும் குறுந்தொகையும் அச்சேறியதே 1915இல்தான்.

ஆகஸ்ட் 3

நாளெல்லாம் மழை. ஆகாய கங்கை அருவிக்கு இறங்க முடியவில்லை.

பிரான்சு எப்போதும் தாராளமாக இருந்தது என்றும் நினைக்கக் கூடாது. 1857இல் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக ஃப்ளோபேர் நீதிமன்றம் ஏறி விடுதலையானார். அதே ஆண்டு கவிஞர் போதலேருக்கு அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு ரத்தானது 1949இல். எழுத்தாளர்கள் சண்டையிட்டு வாங்கிய பேர் இது. பிறகு பிறர் பயந்ததைப் பாரிஸ் அச்சிட்டது: 1922இல் ‘யுலிசஸ்’, 1955இல் ‘லோலிடா’.

ஆகஸ்ட் 4

எட்டுக்கை அம்மன் கோயில். இந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்கிறார்கள். புன்னகையால் மயக்கிய பாவை இப்போது காக்கும் தெய்வம். கும்பிட்டேன். ஆனால் அவள் புன்னகையைப் பேசக் கூச்சப்படும் சமூகமாக நாம் எப்போது ஆனோம்?

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான வீரமாமுனிவர் குறளை லத்தீனில் பெயர்த்தபோது அறமும் பொருளும் போதும் என்று காமத்துப்பாலை விட்டுவிட்டார். 1992இல் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோ காமத்துப்பாலை மட்டும் எடுத்து ‘காதலின் நூல்’ என்று பாரிஸில் வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ் கற்றுப் பரிபாடலையும் பெயர்த்தவர் அவர். பிரெஞ்சுக்காரர்களின் காதல் புகழுக்கு என்னிடம் இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆகஸ்ட் 5, நாமக்கல்

இறங்கிவிட்டோம். பேருந்து நிலையத்தில் திருச்செங்கோடு பலகையைப் பார்த்ததும் இருவருக்கும் பேச்சு நின்றது. அந்த ஊரைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்கு வந்த எதிர்ப்பில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் அறிவித்தார். அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2015 ஜூனில், அதே ஊரில், பாதியுடலை உமைக்குத் தந்த அர்த்தநாரீசுவரரின் கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞரைக் கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள்.

சங்க இலக்கியத்தின் உடன்போக்குப் பாடல்களில், காதலனோடு போன பெண்ணைத் தேடிவரும் செவிலியிடம் உன் மகள் செய்தது அறந்தான் என்று சொல்ல வழியில் கண்டோர் இருப்பார்கள். “இன்னிக்கு யாருப்பா சொல்லுவா?” என்றாள் மகள்.

சாதி மறுத்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும், இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசியும் வேண்டும் என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதைச் சொன்னேன். அந்த எண் இந்தப் பேருந்து நிலையச் சுவரில் ஆளுயர எழுத்தில் இருக்க வேண்டும். மலைக்கு ஏறும் ஒவ்வொரு ஜோடியும் அதைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும்.