வெயிலின் இரண்டாவது பலன்

கச்சிராயபாளையம் சாலையில் வசிக்கும் என் சிநேகிதர் ஒருவர், உபாத்தியாயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2024இல் மத்திய அரசு ஆரம்பித்த சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் பெற்று, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் தகடுகளை நிறுவி, அதுமுதல் கள்ளக்குறிச்சி வெயிலை நிந்திப்பதை அடியோடு விட்டுவிட்டார். வீட்டுக்கு வருவோரை மீட்டரின் முன் நிறுத்தி, மின்வாரியத்திடம் வாங்கிய யூனிட்டும் வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டும் மாறி மாறித் தோன்றுவதைக் காட்டிய பிறகே காபி கொடுப்பது அவர் வழக்கம். "ஏம்ப்பா, அமெரிக்காவில் கரண்ட் வேறு, பத்திரம் வேறு என்று இரண்டு விதமாகக் காசு பார்க்கிறார்களாமே, நமக்கு அது கிடையாதா?" என்று அண்மையில் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. நியூ ஜெர்சியில் வீட்டுக்காரர்களே அத்தகைய பத்திரங்களை விற்றதுண்டு; 600 டாலருக்கு மேல் போன பத்திரம் 2012இல் 100 டாலருக்கும் கீழே சரிந்ததும் உண்டு. நம் தேசத்திலும் 2010 முதல் சான்றிதழ் என்ற பெயரில் இது நடக்கிறது. ஆயிரம் யூனிட் பசுமை மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ். இவ்வளவு பசுமை மின்சாரம் வாங்கியே தீரவேண்டும் என்று நிர்ப்பந்திக்கப்பட்ட விநியோக ஸ்தாபனங்களும் பெரிய ஆலைகளும், அதில் குறை நேர்ந்தால், மின்சாரச் சந்தையில் இந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். சூரிய சான்றிதழின் அடிமட்ட விலை 2012இல் 9,300 ரூபாய், 2017இல் 1,000, 2022ஆம் வருஷத்து விதிகளிலோ அடிமட்டமே நீக்கப்பட்டது. சிநேகிதரின் மாடி வருஷத்துக்கு நாலாயிரம் யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். பழைய விலையில் 37,200 ரூபாய், பிந்தைய விலையில் 4,000.

அதுவும் அவர் கைக்கு வராது. ஆரம்பத்து நடைமுறையில் 250 கிலோவாட்டுக்குக் குறைந்த நிலையங்களுக்கு இடமே இல்லை; நெட் மீட்டர் பொருத்திய வீட்டின் சூரிய மின்சாரமோ விநியோக ஸ்தாபனத்தின் கடமைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஏகாதசி உபவாசம் ஒருவருக்கு, புண்ணியம் இன்னொருவருக்கு என்பது போலத்தான். ஆனாலும் சிநேகிதருக்காக நான் அதிகம் வருந்தவில்லை. கரண்ட் பில் குறைந்ததே அவருக்குப் போதுமான சம்பாத்தியம்.

என் விசாரமெல்லாம் மேற்கே தெரியும் கல்வராயன் மலையைப் பற்றியது. வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களில், நாலு விளக்கும் ஒரு டி.வி.யும் தவிர வேறு சாதனமில்லாத மலையாளிப் பழங்குடிக் குடும்பம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மிச்சப்படுத்துவதற்கு அங்கே பில் என்பதே கிடையாது. ஆகவே சூரியத் தகட்டினால் அவர்கள் காணக்கூடிய ஆதாயம், மிஞ்சிய மின்சாரத்தையும் அதன் சான்றிதழையும் விற்றால்தான் உண்டு. சான்றிதழ் வாசலோ அவர்களுக்கும் அடைபட்டிருக்கிறது. உழைப்பின் பலனைப் பிறர் கணக்கில் எழுதுவது, 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்த அந்த மலைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தனி வீடு செய்ய இயலாததை ஊர் செய்யலாம். கோயம்புத்தூர் ஜில்லா ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, ஊர்த் தேவை போக மிஞ்சியதை வாரியத்துக்கே விற்றது. அதுபோல மலைக் கிராமங்களின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் கூரைகளையெல்லாம் ஒரே நிலையமாகப் பாவித்து, சான்றிதழ்ப் பணம் அந்தந்த ஊராட்சிக்கே சேரும்படி, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தார் விதி செய்யவேண்டும்.